உலகச் சந்தையும் டாலிகஞ்ச் பேட்டையும்

பண்டங்கள் கடல் கடந்து செல்வது தமிழருக்குப் புதிய செய்தியன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய பொருள்களையும், அவற்றின்மீது புலி முத்திரை பொறித்துச் சுங்கம் கொண்ட காவலர்களையும் பட்டினப்பாலை நமக்குக் காட்டுகிறது. ஆயினும், ஓர் ஊரில் விளைந்த பொருளின் விலை கடல்களுக்கு அப்பாலுள்ள வேறோர் ஊரில் முடிவாவதும், அங்கே ஒரு புதுப்பொருள் தோன்றினால் இங்கே ஆயிரம் குடும்பங்களின் பிழைப்பு மாறிவிடுவதும் கடந்த இருநூற்றைம்பது ஆண்டுகளில் வளர்ந்த நிலைமை. இந்தப் பிணைப்பின் அண்மைக்கால வடிவத்தையே உலகமயமாதல் என்று அழைக்கிறோம்.

இப்பிணைப்பு செல்வ நாடுகளுக்கும் ஏழை நாடுகளுக்கும் இடையே உள்ள வேற்றுமையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? அறிஞர்கள் இதில் இரு கட்சியாக நிற்கின்றனர். வாணிகம் பெருகினால் வறுமை குறையும் என்பார் ஒரு சாரார். வலியவன் கை ஓங்கும் என்பார் மற்றொரு சாரார். இருவரிடமும் புள்ளிவிவரங்கள் உண்டு. நாம் புள்ளிவிவரங்களைச் சற்று நேரம் ஒதுக்கிவைத்து, ஒரே ஒரு பேட்டையை எடுத்துக்கொண்டு, அதன் மண்ணில் என்னென்ன நடந்தன என்று பார்ப்போம். அப்பேட்டை, கொல்கத்தா நகரின் தென்பகுதியிலுள்ள டாலிகஞ்ச். லேக் மார்க்கெட்டைச் சுற்றிக் குடியேறிய நம்மவருக்கு அது அண்டைப் பகுதி. பம்பாயிலோ டில்லியிலோ வாழும் நேயர்களும் தத்தம் ஊரில் இதற்கு ஒப்பான ஓர் இடத்தை எளிதில் கண்டுகொள்ளலாம்.

'கஞ்ச்' என்றால் சந்தை. வில்லியம் டாலி என்னும் ஆங்கில இராணுவ அதிகாரி, தூர்ந்து கிடந்த ஆதி கங்கையின் பழைய போக்கை 1775இல் வெட்டத் தொடங்கினார். 1777இல் அது படகுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. ஹூக்ளி நதியைக் கிழக்கே வித்யாதரி ஆற்றோடு இணைத்த அக்கால்வாய், கிழக்கு வங்கத்துப் படகுகள் கல்கத்தாவுக்கு வரும் வழியாயிற்று. செல்லும் படகுகளிடம் சுங்கம் பெறவும், கரையில் சந்தை அமைக்கவும் கிழக்கிந்தியக் கம்பெனி டாலிக்கு உரிமை அளித்தது. இன்று அக்கால்வாயில் படகுகள் இல்லை. நீர் கறுத்துக் கிடக்கிறது. அதன் நடுவே மெட்ரோ ரயிலின் தூண்கள் நிற்கின்றன. ஆனால் டாலிகஞ்ச் தன் பிறப்பிலேயே ஒரு பாடத்தைச் சொல்லிவிடுகிறது. பண்டத்தை விளைவிப்பவன் ஒருவன், சுமப்பவன் ஒருவன், வழியின் வாயிலில் நிற்பவன் வேறொருவன். விளைச்சல் கூடினாலும் குறைந்தாலும் வாயிலில் நிற்பவனுக்குரிய பங்கு வந்துகொண்டே இருக்கும்.

அந்த மண்ணோடு தொடர்புடைய முதல் உலகப் பண்டம் அவுரி. 1895இல் நிறுவப்பட்ட டாலிகஞ்ச் கிளப்பின் பசும்புல் வெளி, அதற்கு முன்னொரு காலத்தில் அவுரித் தோட்டமாக இருந்தது என்பது அதன் வரலாறு. ஐரோப்பிய ஆலைகள் நெய்த துணிக்கு நீலச் சாயம் வேண்டியிருந்தது. வங்கத்து உழவனுக்கு முன்பணம் கொடுத்து, நெல் விளையும் நிலத்தில் அவுரி விதைக்குமாறு தோட்ட முதலாளிகள் வற்புறுத்தினர். முன்பணம் தீராக் கடனாயிற்று. 1859-60ஆம் ஆண்டுகளில் உழவர்கள் விதைக்க மறுத்துக் கிளர்ந்தெழுந்தனர். தீனபந்து மித்ரர் 1860இல் வெளியிட்ட 'நீல தர்ப்பணம்' என்னும் நாடகம் அவர்களுடைய துயரை உலகறியச் செய்தது.

சாயத்தின் விலை ஏறிய காலத்தில் உழவன் செழிக்கவில்லை என்பது இக்கதையின் ஒரு பாதி. மறுபாதி இன்னும் கருதத்தக்கது. 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் இரசாயன முறையில் ஆக்கிய நீலச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் உழைத்துப் பெற்ற அறிவு, பல இலட்சம் ஏக்கர் விளைச்சலைத் தேவையற்றதாக்கிற்று. பீகாரின் சம்பாரண் பகுதியில் தோட்ட முதலாளிகள் தம் நட்டத்தைத் தாம் ஏற்கவில்லை. அவுரி பயிரிடும் கட்டாயத்திலிருந்து விடுவிப்பதற்கு விலையாக, குடியானவர்களின் குத்தகையை உயர்த்தினர். சிலரிடம் ரொக்கமாகவும் வாங்கினர். 1917இல் காந்தியடிகள் அங்கே சென்று விசாரித்தது இந்த அநீதியைத்தான். ஏற்றம் வந்தபோது பங்கு பெறாதவன், இறக்கம் வந்தபோது முழுச் சுமையையும் தாங்கினான்.

இரண்டாவது பண்டம் சணல். கிழக்கு வங்கத்தின் வெள்ளப் பாங்கான நிலங்களில் விளைந்த இந்த நார், உலகத்துத் தானியத்தையும் சர்க்கரையையும் காப்பியையும் மூட்டை கட்டிற்று. முதலில் அது நாராகவே ஸ்காட்லாந்தின் டண்டி நகருக்குச் சென்றது. அங்கேதான் 1830களில் சணலை யந்திரத்தால் நூற்கும் முறை கைவந்தது. 1855இல் ஹூக்ளிக் கரையிலுள்ள ரிஷ்ராவில் ஜார்ஜ் ஆக்லண்டு என்பவர் நூற்பாலை தொடங்கினார். அதன்பின் ஆற்றின் இரு கரைகளிலும் ஆலைகள் எழுந்தன. மூலப்பொருள் அருகில் கிடைத்தது, கூலி மலிவு. விரைவிலேயே கல்கத்தா டண்டியை விஞ்சிவிட்டது.

ஆலை இங்கே வந்ததால் செல்வமும் இங்கே தங்கியிருக்க வேண்டுமன்றோ? ஓரளவு தங்கியது. பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் ஆந்திரப் பகுதியிலிருந்தும் வந்தவர்களுக்கு வேலை கிடைத்தது. ஆனால் முதலீடு, யந்திரம், மேலதிகாரிகள், கப்பல் கூலி, காப்பீடு ஆகிய அனைத்தும் நெடுங்காலம் பிரிட்டனைச் சேர்ந்தனவாகவே இருந்தன. 1947இல் நாடு பிரிந்தபோது ஆலைகள் எல்லாம் மேற்கு வங்கத்திலும், சணல் வயல்களின் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானிலும் அமைந்தன. 1949இல் இந்தியா தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தது; பாகிஸ்தான் குறைக்கவில்லை. இதனால் இரு நாடுகளுக்கும் இடையே வாணிகமே சில காலம் முடங்கியது. பின்னர் பிளாஸ்டிக் சாக்குகள் வந்தன. தானியத்தையும் சர்க்கரையையும் சணல் சாக்கிலேயே கட்ட வேண்டுமென்று 1987இல் நம் நாடாளுமன்றம் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

அவுரியையும் சணலையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஒரு பொது விதி தெரிகிறது. 1950இல் ராவுல் பிரெபிஷ், ஹான்ஸ் சிங்கர் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் தனித்தனியே ஆராய்ந்து இதைக் கூறினர். மூலப்பொருளை விற்று யந்திரப் பொருளை வாங்கும் நாடு, காலம் செல்லச் செல்ல அதே யந்திரத்துக்கு மேலும் அதிக மூலப்பொருளைக் கொடுக்க நேரிடுகிறது என்பது அவர்கள் கருத்து. காரணங்கள் எளியவை. மனிதனின் வருமானம் இரட்டித்தால் அவன் கடிகாரமும் வண்டியும் வாங்குவான். இரண்டு மடங்கு சாக்கு வாங்கமாட்டான். விலை மிகுந்தால் மாற்றுப் பொருளைக் கண்டுபிடிப்பார்கள். அன்றியும், செல்வ நாட்டில் உற்பத்தித் திறன் உயர்ந்தால் தொழிற்சங்கம் அதைக் கூலி உயர்வாகப் பெற்றுக்கொள்கிறது. ஏழை நாட்டிலோ ஒரு வேலைக்குப் பத்துப் பேர் காத்திருப்பதால், திறன் உயர்ந்தால் பண்டத்தின் விலைதான் தாழ்கிறது. அந்த ஆதாயமும் கடல் கடந்து போய்விடுகிறது. இவ்விதிக்கு விலக்கு உண்டு; எண்ணெய் விற்ற நாடுகள் அதற்குச் சான்று. ஆயினும் நார் விற்றவர்களுக்கும் சாயம் விற்றவர்களுக்கும் அது பெரிதும் பொருந்தியது.

அப்படியானால் யந்திரத்தை நாமே செய்தால் என்ன? டாலிகஞ்சின் மூன்றாவது பண்டம் இந்தக் கேள்விக்கு விடையாக வந்தது. பேட்டையின் கிழக்கே ஓடும் பிரின்ஸ் அன்வர் ஷா சாலை, திப்பு சுல்தானின் வழிவந்தவர் ஒருவர் பெயரைத் தாங்கியது. 1806இல் வேலூர்க் கோட்டையில் கிளர்ச்சி நடந்தபின், அங்கே காவலில் இருந்த திப்புவின் மக்கள் இப்பகுதிக்குத்தான் அனுப்பப்பட்டனர். அந்தச் சாலையில் ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் நிறுவனத்தின் ஆலை இருந்தது. அங்கே உருவானவைதாம் உஷா தையல் யந்திரமும் உஷா மின்விசிறியும். அதற்கு முன் நம் நாட்டுத் தையற்காரர் மிதித்த யந்திரங்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. யந்திர நாகரிகத்தை ஐயத்தோடு நோக்கிய காந்தியடிகளே தையல் யந்திரத்துக்கு விலக்கு அளித்திருந்தார்.

தையல் யந்திரம் பார்வைக்குச் சிறியது. ஆனால் வார்ப்பிரும்பு, கடைசல் வேலை, பதமேற்றிய எஃகு, மயிரிழை பிசகாத அளவு ஆகிய நான்கும் கூடினால்தான் ஊசியும் நாடாவும் ஒத்து ஓடும். அவுரி வயலில் பத்தாண்டு உழைத்தவனுக்கு அவுரி மட்டுமே தெரியும். கடைசல் யந்திரத்தில் பத்தாண்டு நின்றவன் வேறு நூறு பொருள்களைச் செய்யத் தெரிந்தவனாகிறான். அந்தக் கைத்திறன் ஊரிலேயே தங்கிப் பரவுகிறது. இறக்குமதித் தடையின் நிழலில் உஷா வளர்ந்தது, வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாயிற்று. நார் விற்ற நாடு யந்திரம் விற்கும் நாடாகியது.

பிறகு அந்த ஆலை என்னவாயிற்று? பழி முழுவதையும் உலகமயமாதலின் மேல் சுமத்துவது நேர்மையாகாது. 1967இல் தொழிலாளர் நடத்திய 'கெராவ்' முற்றுகைகளைப் பற்றிய புகழ்பெற்ற வழக்கு இந்நிறுவனத்தின் பெயரிலேயே கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் நடந்தது. 1970களில் மின்வெட்டு நகரை வாட்டிற்று. எஃகு நாடெங்கும் ஒரே விலைக்குக் கிடைக்கும்படி மத்திய அரசு 1950களில் வகுத்த சரக்குக் கட்டணத் திட்டம், சுரங்கங்களுக்கு அருகில் இருந்த கிழக்குப் பகுதியின் இயற்கையான வாய்ப்பை 1990களின் தொடக்கம் வரை பறித்து வைத்திருந்தது. பாதுகாப்புச் சுவருக்குள் இருந்த தொழில்கள் பல புதுமை செய்யவும் மறந்தன. 1991இல் சுவர் தாழ்ந்தது. 1995இல் உலக வர்த்தக அமைப்பு தோன்றியது. 2001இல் சீனா அதில் சேர்ந்தது. பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில் ஆலை நின்ற நிலத்தில் 2008இல் சவுத் சிட்டி என்னும் பேரங்காடி திறக்கப்பட்டது. 2025இல் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான பிளாக்ஸ்டோன் அதை ஏறத்தாழ 3,250 கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. ஒரு காலத்தில் படகுகளிடம் பெற்ற சுங்கம் இன்று கடை வாடகை என்னும் பெயரில் வசூலாகிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்தப் பேரங்காடியில் வாங்குவோர்க்கு ஆதாயம் உண்டு, மறுப்பதற்கில்லை. உலகத்துப் பொருள்கள் ஒரே கூரையின் கீழ்க் கிடைக்கின்றன. பல இளைஞர்களுக்கு வேலையும் கிடைத்துள்ளது. ஆனால் ஆலை மூடப்பட்ட ஒரு பேட்டையில் ஐம்பது வயதுக் கடைசல் தொழிலாளி துணிக்கடையில் விற்பனையாளராக முடியாது. முப்பது ஆண்டுகள் அவர் கையில் சேர்ந்த திறனுக்கு அங்கே விலை இல்லை. நாட்டின் சராசரி வருமானம் உயர்ந்ததென்று அறிக்கை கூறும். அவர் வீட்டுக் கணக்கு வேறு கூறும்.

இனி, ஒதுக்கிவைத்த புள்ளிவிவரங்களை எடுப்போம். ஆங்கஸ் மாடிசன் என்னும் பொருளியல் வரலாற்றாளரின் மதிப்பீட்டின்படி, 1700இல் உலக உற்பத்தியில் இந்தியாவின் பங்கு ஏறத்தாழ கால்வாசி. 1950இல் அது நூற்றுக்கு நாலு. இந்த இடைவெளி 1991க்குப் பின் திரும்பலாயிற்று. இந்தியாவின் தலைவீத வருமானம் செல்வ நாடுகளைவிட விரைவாக வளர்ந்தது. சீனாவில் இன்னும் விரைவு. 1990இல் உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் கொடிய வறுமையில் இருந்தனர். 2019இல் அது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆகவே நாடுகளுக்கிடையே உள்ள வேற்றுமை குறைகிறது என்பார் கூற்று பொய்யன்று. அதே காலத்தில் இந்தியாவிலும் சீனாவிலும் அமெரிக்காவிலும், நாட்டுக்குள்ளேயே செல்வர்க்கும் எளியவர்க்கும் இடையே வேற்றுமை விரிந்தது என்பதும் பொய்யன்று. கனிப்பொருளையும் விளைபொருளையும் மட்டுமே நம்பிய ஆப்பிரிக்க நாடுகள் பல பின்தங்கியே நின்றன. நம் நாட்டின் முன்னேற்றத்தையும் அளவறிந்தே பேச வேண்டும். 2024இல் அமெரிக்கரின் சராசரி வருமானம் இந்தியரின் வருமானத்தைப்போல் ஏறத்தாழ முப்பது மடங்கு. இங்கே விலைவாசி குறைவு என்பதைக் கணக்கில் கொண்டாலும் ஏழு எட்டு மடங்கு.

இங்கே ஓர் ஒப்புமை நமக்கு உதவும். வீழ்ச்சி ஏழை நாட்டுக்கு மட்டும் உரியதன்று. உலகின் மிகப் பெரிய தையல் யந்திர ஆலைகளுள் ஒன்றாக விளங்கிய சிங்கர் கம்பெனியின் ஆலை, ஸ்காட்லாந்தின் கிளைடுபாங்க் நகரில் 1980இல் மூடப்பட்டது. டண்டியின் சணல் ஆலைகளும் 20ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கிவிட்டன. அங்கும் மக்கள் துன்புற்றனர். ஆனால் வேலை இழந்தவருக்கு அரசு உதவித்தொகை தந்தது. மருத்துவம் இலவசமாக இருந்தது. பிள்ளைகளின் பள்ளி நிற்கவில்லை. டண்டி நாளடைவில் கணினி விளையாட்டுத் தொழிலில் பெயர் பெற்றது. சம்பாரண் குடியானவனுக்கும், சந்தை இழந்த சணல் உழவனுக்கும், நம் கடைசல் தொழிலாளிக்கும் அப்படிப்பட்ட ஆதரவு இருந்ததா? உலகச் சந்தையின் அலை எல்லாக் கரையிலும் மோதுகிறது. கரை கட்டியிருக்கும் ஊரும் கட்டாத ஊரும் அதை ஒன்றுபோல் தாங்குவதில்லை. செல்வ நாட்டுக்கும் ஏழை நாட்டுக்கும் உள்ள மெய்யான வேற்றுமையில் பெரும்பகுதி இதுவே.

தமிழ்நாட்டிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. திருப்பூர்ப் பின்னலாடை உலகெங்கும் செல்கிறது. எத்தனையோ மாவட்டத்தவரும் வட மாநிலத்தவரும் அங்கே பிழைக்கின்றனர். ஆனால் சாயக்கழிவு நொய்யலாற்றைக் கெடுத்தது. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. உடுத்துபவர் கொடுத்த விலையில் ஆற்றின் விலை சேர்க்கப்படவில்லை. ஒரு காலத்தில் டாலியின் கால்வாய்க்குப் படகு அனுப்பிய கிழக்கு வங்கம் இன்று வங்காளதேசம். அதன் ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தைத்த ஆடை. பல இலட்சம் பெண்கள் அத்தொழிலால் முதன்முறையாகத் தம் கையில் சம்பளம் பெற்றனர். அதே தொழிலில், 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்டோர் மாண்டனர். முந்திய நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தும் அவர்கள் வேலைக்கு அழைக்கப்பட்டனர். தையல் யந்திரம் ஒரு நாட்டை உயர்த்தவும் கூடும். அதை மிதிப்பவரின் தலைக்கு மேலுள்ள கூரை உறுதியாக இருக்கிறதா என்று கேட்பதற்கும் ஒருவர் வேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இச்செய்தியில் தனிப்பட்ட அக்கறை உண்டு. உலகமயமான சந்தையில் பணம் நொடியில் எல்லை கடக்கிறது. பண்டம் சில வாரங்களில் கடக்கிறது. மனிதனை மட்டும் வாயிலில் நிறுத்திச் சீட்டுக் கேட்கிறார்கள். அந்தத் தடைகளையும் மீறி, வெளிநாடு சென்ற இந்தியர் 2022இல் தாயகத்துக்கு அனுப்பிய தொகை 10,000 கோடி டாலரைத் தாண்டியது. இந்தியாவுக்குள்ளோ, எங்கும் செல்லவும் எங்கும் குடியிருக்கவும் அரசியலமைப்புச் சட்டம் உரிமை தருகிறது. அந்த உரிமையால்தான் கணக்கெழுதவும் தட்டச்சு செய்யவும் வந்த நம் முன்னோர் தென் கல்கத்தாவில் வேரூன்றினர். ஆயினும் சென்ற இடத்தில் ஆதரவு இல்லாவிட்டால் உரிமை மட்டும் போதாது என்பதை 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில், நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளரைக் கண்டு நாடு உணர்ந்தது. எந்த மாநிலத்திலும் ஒரே குடும்ப அட்டையால் உணவுதானியம் பெறும் திட்டம் 2019இல் தொடங்கி 2022இல் எல்லா மாநிலங்களுக்கும் பரவியது. இதுவும் ஒரு கரையே. இத்தகைய கரைகள் இன்னும் பல எழும்ப வேண்டும்.

ஆகவே, புதிய ஒப்பந்தம், புதிய தொழிற்சாலை, புதிய முதலீடு என்று செய்தி வரும்போது, அது நல்லதா தீயதா என்று பொதுவாக வாதிடுவதைவிட, மூன்று கேள்விகளைக் கேட்பது நலம். இத்தொழிலால் நம் மக்கள் கையில் எந்தத் திறன் தங்கும்? விலையை முடிவு செய்யும் இடத்தில் நமக்கு இடமுண்டா? சந்தை சரிந்தால் சுமையைத் தாங்குபவர் யார்? அவுரிக்கு இம்மூன்றிலும் விடை நமக்குப் பாதகமாக இருந்தது. சணலுக்கு முதற்கேள்வியில் மட்டும் பாதி விடை கிடைத்தது. தையல் யந்திரத்துக்கு முதல் இரண்டிலும் விடை சாதகமாக இருந்தது, மூன்றாவதில் தவறினோம். அந்த மூன்றாவது கேள்விக்கு நல்ல விடை தேடுவது அரசுக்கும் தொழிலதிபருக்கும் மட்டும் உரிய வேலையன்று. வேலை தேடி ஊர் மாறி வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதில் பங்கு உண்டு.